வேக்சர்ஃபிங் அலைக்குப் படகில் பாரம் வைப்பது: எங்கே, எவ்வளவு, எந்த வரிசையில்

வணக்கம் தம்பி. வேக்சர்ஃபிங் என்பது படகு எழுப்பும் அலையில் பலகைமேல் நின்று சறுக்குவது. நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பட்டணத்தில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து பழைய 21 அடி வி-டிரைவ் படகு (இயந்திரம் உள்ளே பின்பக்கம் இருக்கும் வகை) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். சென்டரோ ஏரியில் இறக்குகிறீர்கள். பாரத்துக்கான தண்ணீர்த் தொட்டிகள் பின்னால் இடமும் வலமும் தலா 200 லிட்டர், முன்னால் 150 லிட்டர். மூன்றையும் நிரப்பினால் அலை நுரையாகவே வருகிறது. பின்னால் இடப்பக்கம் 350 கிலோ தண்ணீர்ப் பை ஒன்றைக் கூடுதலாக வைத்தால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகமெடுக்க மறுக்கிறது. மூவர் இடது காலை முன்வைத்து நிற்பவர்கள், ஒருவர் வலது காலை. இன்னும் எத்தனை கிலோ வேண்டும் என்பது கேள்வி.

கூடுதல் கிலோ வேண்டாம். இருப்பதே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

அதற்குமுன் ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலிருக்கும் ஃபைபர் படகில் நீல டிரம்மை நிரப்பிக் கிளம்பிவிட வேண்டாம். படகுக்கு வெளியே பின்னால் மாட்டும் அவுட்போர்ட் இயந்திரத்தில் புரொப்பெல்லர் படகின் பின்விளிம்பைத் தாண்டி வெளியே சுழல்கிறது. இயந்திரம் உள்ளே, புரொப்பெல்லர் மட்டும் பின்னால் நீண்டிருக்கும் சாதாரண ஸ்டெர்ன்டிரைவிலும் அப்படித்தான். வேக்சர்ஃபிங்கில் ஆள் படகுக்குப் பின்னால் மூன்று முதல் ஐந்து மீட்டரில் கயிறில்லாமல் நிற்கிறார். அலை தள்ளும் திசை படகை நோக்கி. கால் வழுக்கினால் நேரே இறக்கைக்குத்தான் போவார். புரொப்பெல்லர் படகின் அடியில், பின்விளிம்புக்கு நன்றாக முன்னால் இருக்கும் இன்போர்ட் படகில் மட்டுமே இதைச் செய்யலாம். உங்கள் வி-டிரைவ் அந்த வகை. பக்கத்து வீட்டுப் படகு அந்த வகையில்லை என்றால், எவ்வளவு கெஞ்சினாலும் மறுத்துவிடுங்கள்.

இனி அலை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. கனமான படகு மெதுவாகப் போகும்போது பின்னால் தண்ணீரில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை மூட இடப்பக்கத்துத் தண்ணீரும் வலப்பக்கத்துத் தண்ணீரும் ஓடிவருகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதினால் கிடைப்பது நுரை. நீங்கள் மூன்று தொட்டியையும் நிரப்பியபோது நடந்தது அதுதான்: பள்ளம் ஆழமாகிவிட்டது, மோதலும் பலமாகிவிட்டது. ஒரு பக்கத்துத் தண்ணீரைச் சற்றுத் தாமதமாக வரவைத்தால், மறுபக்கத்து அலை மோதலுக்குத் தப்பி, உடையாமல் நீண்டு நிற்கும். அலையில் ஏறுபவர் நிற்பது அந்தத் தப்பிய பக்கத்தில்.

தாமதப்படுத்த இரண்டு வழி. படகையே ஒரு பக்கம் சாய்ப்பது பழைய வழி. சாய்ந்த பக்கத்தில்தான் நல்ல அலை. மற்றது, படகை நேராக வைத்துக்கொண்டு, ஏறாத பக்கத்தின் பின்முனையில் ஒரு தடுப்பு வைப்பது. 2012 வாக்கில் மலிபு நிறுவனம் 'சர்ஃப் கேட்' என்ற மடக்குத் தகட்டைக் கொண்டுவந்தபின் புதுப் படகுகள் பெரும்பாலும் இந்த வழிக்கு வந்துவிட்டன. பழைய படகுக்கு உறிஞ்சு கப்பில் ஒட்டும் தடுப்பான வேக்ஷேப்பர் கிடைக்கிறது, தத்துவம் ஒன்றே. பலர் இதைத் தவறான பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பொருளைத் திட்டுகிறார்கள். இடப்பக்கம் அலை வேண்டுமென்றால் வலப்பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

இடது கால் முன்னால் இருப்பவர், ரெகுலர் என்பார்கள், படகின் இடப்பக்கத்து அலையில் நின்றால் மார்பு அலையைப் பார்த்திருக்கும். வலது கால் முன்னால் இருப்பவர், கூஃபி, வலப்பக்கத்து அலையில். உங்களில் இரண்டு வகையும் இருப்பதால் என் தீர்ப்பு வேக்ஷேப்பர்தான். சாய்ப்பு முறையில் பக்கம் மாற ஒவ்வொரு முறையும் அரை டன் தண்ணீரை இறைத்து மறுபக்கம் நிரப்ப வேண்டும். ஷேப்பரில் ஒரு நிமிட வேலை.

இப்போது உங்கள் 350 கிலோ பை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்னால் 200 + 200 + 350 = 750 கிலோ. முன்னால் 150. ஐந்துக்கு ஒன்று. செம்பனைக் குலையை லோரியின் வால்பக்கமே குவித்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதப்பதுபோலத்தான் இது. மூக்கு தூக்காமல் என்ன செய்யும்? அதோடு, இடப்பக்கம் சாய வேண்டுமென்று பை வைத்துவிட்டு வலப்பக்கத் தொட்டியையும் நிறைத்தே வைத்திருக்கிறீர்கள். அந்த 200 கிலோ சாய்வைக் குறைக்கிறது, இயந்திரத்துக்குப் பாரத்தைக் கூட்டுகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

கொள்ளளவுத் தகட்டில் தொடங்குங்கள். ஓட்டுநர் இருக்கை அருகே ஆட்கள் எத்தனை, கிலோ எவ்வளவு என்று எழுதிய தகடு இருக்கும். தண்ணீர் என்பது லிட்டருக்கு ஒரு கிலோ. அது பாரம்தான், 'தண்ணீர்தானே' என்று விடக்கூடாது. படகோடு வந்த தொட்டிகளைத் தகட்டின் எண் ஏற்கெனவே கழித்திருக்கிறதா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், கையேட்டில் பாருங்கள். கையேடு இல்லையென்றால் கழிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: தகடு 1,170 கிலோ என்கிறது. அலையில் ஏறியவரும் திரும்பி வந்தால் படகில் நால்வர், ஆளுக்கு 70 என 280. சாமான், நங்கூரம், ஐஸ் பெட்டி 40. மீதி 850 கிலோ தண்ணீருக்கு. தொட்டிகள் 550 போக, பைகளுக்கு 300. உங்கள் தகட்டின் எண் வேறாக இருந்தால் இதே கணக்கை அதில் போடுங்கள்.

அந்த 300 கிலோவை மூன்று சிறு பைகளாக வாங்குங்கள், ஒரே பெரிய பை வேண்டாம். பின்பக்கம் இடம் வலம் தலா 100, முன்பக்கம் 100. ஆக, பின்னால் 600, முன்னால் 250. ஏறக்குறைய ஏழுக்கு மூன்று. வேக்ஷேப்பரோடு ஓட்டத் தொடங்க இதுவே நல்ல பங்கீடு.

ஷேப்பர் வரும்வரை சாய்ப்பு முறையில் ஓட்ட வேண்டுமென்றால்: வலப்பின் தொட்டி காலி. இடப்பின் தொட்டி 200, உங்களிடமிருக்கும் 350 பை அதே மூலையில். முன்தொட்டி 150, 100 கிலோ பை ஒன்று முன்பக்கம் இடது ஓரமாக. மொத்தம் 800. ஓட்டுநர் வலப்பக்கம்தான் உட்கார்ந்தாக வேண்டும். மற்ற இருவரும் இடப்பக்கம். இந்தச் சாய்வில் படகின் இடப்பக்க மோதுவிளிம்பு (பக்கச்சுவரின் மேலோரம் ஓடும் பட்டை) படகு நிற்கும்போதே தண்ணீரைத் தொட்டால் அது அளவுக்கு மீறிய சாய்வு. கைப்பேசியில் சாய்வுமானி இருக்கிறது. படகின் தளத்தில் வைத்து எத்தனை பாகை என்று எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த வாரம் அதே அலையைத் திரும்பப் பெறலாம்.

ஷேப்பரை ஒட்டுமிடம்: ஏறாத பக்கம், பின்விளிம்பை ஒட்டி, பாரம் முழுக்க ஏற்றியபின் இருக்கும் நீர்மட்டத்துக்குக் கீழே. காலிப் படகில் நீர்க்கோட்டைப் பார்த்து ஒட்டினால் தப்பான உயரத்தில் நிற்கும். ஒட்டுமிடத்தில் பாசி, மெழுகு, செம்மண் படிவு எதுவும் இருக்கக்கூடாது. துணியால் நன்றாகத் துடைத்து, கப்புக்குள் காற்றில்லாமல் அழுத்துங்கள். பாதுகாப்புக் கயிற்றைக் கட்ட மறந்தால் ஏரி எடுத்துக்கொள்ளும். சர்ஃபிங் வேகத்தைத் தாண்டி ஓட்டுமுன் கழற்றிவிடுங்கள்.

வேகம் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர். 17-இல் தொடங்குங்கள். பழைய படகின் வேகமானி இந்தக் குறைந்த வேகத்தில் பொய் சொல்லும். அதற்கு நீர் நுழையும் துளையில் நீர்ச்செடி அடைத்திருந்தால் இன்னும் மோசம். கைப்பேசி ஜி.பி.எஸ். போதும். அரை கிலோமீட்டர் மாற்றம்கூட அலையில் தெரியும் என்பதால் கை ஒரே நிலையில் நிற்கும் ஓட்டுநர்தான் ஓட்ட வேண்டும்.

இனித் திருத்தும் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பையை நகர்த்தி, வேகத்தையும் கூட்டி, இருவர் இடமும் மாறினால், அலை நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. நோட்டுப் புத்தகம் ஒன்றைப் படகில் வைத்து, தொட்டி, பை, ஆட்கள் உட்கார்ந்த இடம், வேகம், பெட்ரோல் அளவு எல்லாவற்றையும் எழுதுங்கள். பெட்ரோலை ஏன் எழுத வேண்டும்? லிட்டருக்கு முக்கால் கிலோ. 150 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் 110 கிலோ. காலையில் அருமையாக இருந்த அலை மாலையில் தளர்ந்து போவதற்குப் பல நேரம் வேறு காரணமே தேட வேண்டாம்.

அலையின் உச்சி நுரைத்துச் சரிகிறது, முகம் கலங்கலாக இருக்கிறது என்றால் மறுபக்கத் தண்ணீர் சீக்கிரமாக வந்துவிடுகிறது. ஷேப்பரைச் சற்று ஆழமாக ஒட்டுங்கள். சாய்ப்பு முறையென்றால் ஏறும் பக்கத்துக்கு ஓர் ஆளை நகர்த்துங்கள். அதன்பிறகும் நுரைத்தால் வேகத்தை 0.3 கி.மீ. அளவில் கூட்டிப் பாருங்கள்.

அலை உயரமாக, செங்குத்தாக நிற்கிறது, ஆனால் குட்டையாக இருக்கிறது, பலகை ஓரடி பின்வாங்கினாலும் தள்ளல் விட்டுப்போகிறது என்றால் பின்பாரம் அதிகம். 50 கிலோவை முன்னால் கொண்டுபோங்கள். முன்பாரம் அலையை நீட்டும், உயரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நேர்மாறாக, நீளமாக இருந்தும் முழங்கால் உயரம்கூட வரவில்லை, தள்ளல் சோம்பலாக இருக்கிறது என்றால் முன்பாரத்தைக் குறையுங்கள். பின்விளிம்பின் நடுவில் ஏற்றி இறக்கும் நடுத்தகடு இருந்தால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது கீழே இறங்கியிருந்தால் படகின் பின்பகுதியைத் தூக்கிவிடும், நீங்கள் வைத்த பாரத்தில் பாதி வீண். படகு வேகமெடுக்கும்வரை இறக்கிவைத்து, பிறகு உயர்த்திவிடுவதே அதன் சரியான பயன்.

புதிதாகக் கற்பவருக்கு உயரம் வேண்டாம், நீளமே வேண்டும். முன்பாரம் சற்றுக் கூடுதலாக வைத்துக் கொடுங்கள். தேறியவர் ஏறும்போது ஒரு பையை மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

இடப்பக்கம் அழகாக வருகிறது, வலப்பக்கம் அதே கிலோவில் வரவில்லை என்று சீக்கிரமே கேட்பீர்கள். புரொப்பெல்லர் ஒரு திசையில் சுழல, படகின் உடல் எதிர்த்திசையில் கொஞ்சம் சாய முயல்கிறது. பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர் என்றால் இடப்பக்கம் தானாகத் தாழும். இடஞ்சுழி என்றால் வலப்பக்கம். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வைத்தால் ஒரே அலை வராது. பலவீனமான பக்கத்துக்கு 30 முதல் 60 கிலோ கூடுதலாக வையுங்கள். பெரும்பாலும் ஓர் ஆள் நகர்ந்து உட்கார்ந்தாலே சரியாகிவிடும்.

பாரத்தைச் சரியாகப் பங்கிட்டும் படகு திணறினால் அடுத்து பார்க்க வேண்டியது புரொப்பெல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம். காலிப் படகுக்கும் இழுவைச் சறுக்குக்கும் பொருத்திய புரொப்பெல்லர் ஒரு டன் தண்ணீரை இழுக்கத் தோதாக இருக்காது. பாரம் ஏற்றி முழு திராட்டிலில் இயந்திரம் கையேட்டில் சொன்ன ஆர்.பி.எம். வரம்பை எட்டாவிட்டால் பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் தேவை. காலிப் படகில் அதே வரம்பைத் தாண்டுகிறதா என்றும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். திணறவிட்டே ஓட்டினால் சூடேறிப் பழுதாகும். பழைய படகின் குளிர்நீர் பம்ப்பிலுள்ள இம்பெல்லர் (ரப்பர் சுழலி) தேய்ந்திருந்தால் இன்னும் விரைவாக.

பைகளைப் பற்றிச் சிலர் கேட்பது: மணல் மூட்டையோ ஈயக் கட்டியோ வைத்தால் பம்ப் வேலையே இல்லையே? கிந்தா வட்டாரத்தில் ஈயக்குட்டை (பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டை) மணல் சும்மா கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தயவுசெய்து வேண்டாம். பையிலுள்ள தண்ணீர், படகு மூழ்கும் நிலைக்கு வந்தால் ஏரித் தண்ணீரோடு சமமாகிவிடும். அதைக் கீழே இழுக்காது. மணலும் ஈயமும் இழுத்துக்கொண்டு போகும். மூட்டை கிழிந்தால் மணல் படகின் அடிக்குழியான பில்ஜுக்குள் இறங்கி, தேவைப்படும் நேரத்தில் பம்ப்பை அடைக்கும்.

பை நிறைந்திருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். பாதி நிறைந்த பைக்குள் தண்ணீர் திருப்பத்தில் ஒரு பக்கமாக ஓடி, சாயும் நேரத்தில் மேலும் சாய்க்கும். 350 பையில் 150 ஊற்றுவதைவிட 150 பையை முழுக்க நிரப்புவது எவ்வளவோ மேல். நிரம்பியபின் உள்ளே மீதமிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள். பையை இருக்கைமேல் வைக்காதீர்கள், சட்டம் உடையும். பின்பெட்டிக்குள் வைத்தால் கூரான திருகு, பேட்டரி முனை, சூடான எக்சாஸ்ட் குழாய் மூன்றையும் பையிலிருந்து பலகையால் பிரியுங்கள். நிரம்பும் பை பெட்டியின் தடுப்பைத் தள்ளி விரிசல் விடச்செய்யும் என்பதால், நிரப்பும்போது ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும்.

பம்ப் மணிக்கு 800 கேலன் என்று எழுதியிருந்தால் நிமிடத்துக்கு 50 லிட்டர் என்று கொள்ளலாம். 300 லிட்டருக்கு ஆறு நிமிடம். குழாய் வளைந்தோ நீண்டோ இருந்தால் எட்டு, பத்து ஆகும். மூழ்கி வேலை செய்யும் வகையில் காற்று மாட்டிக்கொண்டால் சத்தம் மட்டும் வரும், தண்ணீர் வராது. குழாயை ஒருமுறை தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி எடுத்தால் சரியாகும். ரப்பர் இம்பெல்லர் வகை தானாக இழுக்கும், இருதிசையிலும் ஓடும், ஆனால் உலர்ந்து ஓடினால் இம்பெல்லர் கருகிப்போகும். பை காலியானதும் உடனே நிறுத்துங்கள். இன்னொன்று: பம்ப்பை நிறுத்தியபின் குழாயின் வாய் ஏரிக்குள்ளேயே கிடந்தால் தண்ணீர் தானாக ஏறவோ இறங்கவோ செய்யும். நிரம்பியதும் குழாயைக் கழற்றி மூடியை இறுக்குங்கள்.

விபத்து ஓட்டத்தில் மட்டும் நடப்பதில்லை, நிறுத்தும்போதும் நடக்கிறது. ஏறியவர் விழுந்ததும் ஓட்டுநர் பதறி திராட்டிலை முழுக்க இழுத்துத் திருப்புகிறார். பாரத்தால் மூக்கு தாழ்ந்த படகின்மேல் அது உருவாக்கிய அலையே முன்னால் ஏறி வருகிறது. ஒரு முறை முன்பக்கம் தண்ணீர் உள்ளே வந்தால் அதுவும் பாரம். அடுத்த அலை எளிதாக ஏறும். ஆகவே மெதுவாக வேகத்தைக் குறையுங்கள், அலை கடந்துபோகட்டும், நடைவேகத்தில் திரும்பி வாருங்கள். விழுந்தவர் உயிர்காப்பு அங்கியோடு மிதந்துகொண்டிருப்பார்; பத்து வினாடி தாமதத்தில் ஒன்றும் ஆகாது. முன்பாரம் கூட்டிய நாளில் இது இரட்டிப்பாக முக்கியம். பில்ஜ் பம்ப்பின் மிதவைச் சுவிட்சை ஒவ்வொரு முறையும் கையால் தூக்கிப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இயந்திரம் ஓடும்போது பின்தளத்தில் யாரும் உட்காரக்கூடாது. எக்சாஸ்ட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மெதுவாகப் போகும் படகின் பின்னால் அது தேங்கி நிற்கும். தலைவலி, மயக்கம் என்று யாராவது சொன்னால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முன்பக்கக் காற்றுக்குக் கொண்டுவாருங்கள். குறைந்ததுபோல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஏரியைப் பொறுத்தவரை, குறைந்தது மூன்று மீட்டர் ஆழம் வேண்டும். ஆழமில்லாத இடத்தில் அலை தட்டையாகும், எவ்வளவு பாரம் வைத்தாலும் பயனில்லை. சென்டரோ 1930-இல் இயங்கத் தொடங்கிய அணையின் ஏரி. எல்லா இடமும் ஒரே ஆழமில்லை, நீர்ச்செடி மண்டிய பகுதிகளும் உண்டு. ஆழமானியை வைத்து ஒரு நேர்ப்பாதையை முன்கூட்டியே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 17 கி.மீ. வேகத்தில் 500 மீட்டர் என்பது ஒன்றே முக்கால் நிமிட ஓட்டம். அதற்குமேல் நீளம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பழைய ஈயக்குட்டையில், நம் ஆட்கள் லம்பம் என்பார்களே, அதில் ஆழம் இருக்கும், நீளம் இருக்காது. கரையில் மோதிய அலை திரும்பி வந்து அடுத்த ஓட்டத்தைக் கலைத்துவிடும், மணல் கரையையும் அரித்துவிடும்.

கரையிலிருந்தும் மற்றப் படகுகளிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி ஓட்டுங்கள். சம்பானில் வலை போடுபவர் இருந்தால் அதைவிட அதிகம். உங்களுக்கு இடுப்புயர அலை விளையாட்டு. அவருக்கு அது அன்றைய வருமானம் கவிழ்கிற அலை. அணை வாயிலுக்கும் மிதவைக் கயிற்றுக்கும் அருகே போகவே வேண்டாம். ஏரியை நிர்வகிப்பவரிடம் அனுமதி பெற்றபின் இறக்குங்கள். காலை வேளையே சிறந்தது: காற்று அடங்கியிருக்கும், பிற்பகல் இடிமழைக்கும் முன்னதாக முடித்துவிடலாம்.

முடித்ததும் தொட்டி, பை எல்லாவற்றையும் அதே ஏரியில் காலிசெய்யுங்கள். ஓர் ஏரியின் செடியையும் நத்தை முட்டையையும் இன்னொரு லம்பத்துக்குக் கொண்டுபோகும் வாகனமாக உங்கள் பை ஆகக்கூடாது. வீட்டில் பைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். படகை மூடும் கான்வாஸின் குழியில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ போதும். கான்வாஸுக்கு நடுவில் ஒரு கம்பு கொடுத்துக் கூரைபோல் சரித்துக் கட்டுங்கள்.

அடுத்த முறை இறக்கும்போது முதல் ஓட்டம் தொட்டிகள் மட்டும், இரண்டாவது மூன்று பைகளோடு, மூன்றாவது ஷேப்பரோடு. மூன்றையும் கரையிலிருந்து ஒருவர் காணொளி எடுக்கட்டும். அலை பின்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் உடைகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். நோட்டில் எழுதிய எண்களோடு அதை அனுப்பினால் எந்த 50 கிலோவை எங்கே நகர்த்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.